பன்னெண்டுக்கு ஒண்ணு

அக்கா பிரேக் போட்டு நான் பார்த்ததில்லை. காரைச் சொல்லவில்லை, அவருடைய சக்கர நாற்காலியைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சின்னப் பிடி இருக்கும், அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும். மற்றவர்கள் ஓர் இடத்துக்கு வந்ததும் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள். இவர் பேசிக்கொண்டே அரை அடி முன்னால் போவார், அரை அடி பின்னால் வருவார். பேச்சு சூடானால் ஒரு அடி. கிள்ளானில் காப்பார் சாலை ஓரம் இருக்கிற என் வெல்டிங் பட்டறையில், வாசலை ஒட்டிய சிமெண்டுத் தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவர் டயர் தேய்த்த கோடுகள். போன வருடம் தரைக்குச் சாயம் அடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன். ஏன் பாஸ் என்றான். சும்மா என்றேன்.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், என் பேருக்கு போர்டு மாட்டுறியா என்று எங்கிருந்தாவது கேட்பார்.

போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் லோரி கம்பெனியில் டிரைவர்களுக்கு வழி சொல்வது அவர் வேலை. எந்த லோரி எந்த வாசலில் நுழைய வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே திரும்பக் கூடாது என்று நாள் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். முரட்டு டிரைவர்கள்கூட அந்தக் குரலுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள். “நாப்பது டன்னை உக்காந்த இடத்துல இருந்து நகத்துறேன் தம்பி, என்னை மூணு படிக்கட்டு நிறுத்திருது” என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார். கம்பெனியில் ஒரு லோரி சரியாக ஓடவில்லை என்று புகார் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

கால் எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார். எதிர்க் கடைத் தேத்தண்ணிக்காரரிடம் தென்னை மரம். காட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக அதிகாரியிடம் கேரி தீவு முதலை. அந்த மனிதர் நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். நானும் ஒருமுறை கேட்டேன். “காலைப் பத்திக் கேக்காதே, அது முடிஞ்ச வேலை. வழியைப் பத்திக் கேளு, அதுதான் இழுத்துக்கிட்டே கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு நான் காலைப் பற்றிக் கேட்டதில்லை.

அவர் வாயில் எப்போதும் இருந்தது ஒரே கணக்கு. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயர்ந்தால் அந்தச் சரிவில் ஓர் ஆள் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏறலாம். அதைவிடச் செங்குத்தாகப் போனால் பின்னால் இன்னொருவர் வேண்டும். பன்னெண்டுக்கு ஒண்ணு. இதை வைத்துக்கொண்டு மனிதர்களையும் அளப்பார். என் மைத்துனி பேசுவதைக் கேட்டுவிட்டு, நாலுக்கு ஒண்ணு, ஏறவே முடியாது என்றார். தேத்தண்ணிக்காரர் எட்டுக்கு ஒண்ணு. மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடலாம். “அப்போ நானு?” என்று ஆசையாகக் கேட்டேன். “நீ இருபதுக்கு ஒண்ணுலா. இருக்கிறதே தெரியாம உருண்டு போயிரலாம்.” அது பாராட்டா இல்லையா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

அவர் முதன்முதலில் என் பட்டறைக்கு வந்தது சண்டை போடத்தான். கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றிய பழைய கார். கதவைத் திறந்து, பின்னால் கிடந்த நாற்காலியைப் பாகம் பாகமாகத் தன் மடிக்கு மேலே தூக்கி வெளியே வைத்து, பூட்டி, ஏறி உட்கார்ந்தார். நான் உதவப் போனேன். “கை எடு” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அடுத்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். இந்த கேட்டைச் செய்தது யார் என்று கேட்டார்.

நான்தான். பெருமையாகச் சொன்னேன். ஷா ஆலாம் பக்கம் வீடமைப்புகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கிற ஒரு சின்னக் காடு அது. உள்ளே ஒரு நடைபாதை, முக்கால் கிலோமீட்டர் போனால் ஓடை. கப்சாய் ஓட்டுகிற பையன்கள் உள்ளே புகுந்து நடப்பவர்களை மிரட்டுகிறார்கள் என்று, மோட்டார் சைக்கிள் நுழையாத மாதிரி வளைத்து வளைத்து ஒரு இரும்பு கேட் செய்து தரச் சொன்னார்கள். ஆள் போகலாம், வண்டி போகாது. நல்ல வேலை, நல்ல பெயிண்ட்.

அக்கா பையிலிருந்து டேப்பை எடுத்து என் முன்னால் நீட்டினார். “உன் கேட்டுச் சந்து அம்பத்தஞ்சு சென்டி. என் நாற்காலி அறுவத்தி மூணு. கப்சாய்க்காரன் பக்கத்துப் புதர்ல ஏத்தி அந்தப் பக்கம் போயிட்டான், நான் பாத்துக்கிட்டே இருந்தேன். உன் கேட்டு நிறுத்துனது என்னை மட்டும்தான் தம்பி.”

 அவர் நாற்காலி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கிச் சொன்னார். “வாசல்ல நின்னா தண்ணிச் சத்தம் கேக்குது. தண்ணியத்தான் காணோம்.”

அவர் அவசரத்துக்குக் காரணம் ஒன்று இருந்தது. அடுத்த முறை வந்தபோது அதையும் சொல்லிவிட்டார். இருபது வருடமாகச் சக்கரம் தள்ளித் தள்ளி வலது தோள் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் அந்த ஓடைக்குத் தன் கையாலேயே போய், அந்தக் கையைத் தண்ணீரில் விட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வருவார்களே என்றேன். வருவாங்க, தூக்கிட்டுப் போய் இறக்கி வெச்சுப் படம் பிடிப்பாங்க, நான் சிரிக்கணும், அது வேணாம் என்றார்.

அந்த கேட்டை எப்படித் திருத்துவது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. தேத்தண்ணிக்காரரின் கப்சாயைப் பட்டறைக்குள் இழுத்துவந்து நிறுத்தி, பக்கத்தில் அக்கா நாற்காலியோடு நின்று, இரண்டையும் அளந்தோம். கப்சாய்க்கு அகலம் மேலே, ஹேண்டிலில். நாற்காலிக்கு அகலம் கீழே, சக்கரத்தில். அப்படியானால் கீழே விரிந்து மேலே குறுகிய கேட். காலை அகட்டி நிற்கிற ஆள் மாதிரி. நாற்காலி காலுக்கு நடுவே போய்விடும், கப்சாய் இடுப்பில் மாட்டிக்கொள்ளும். இது முதலில் யாருக்குத் தோன்றியது என்பதில் எங்களுக்குள் கடைசிவரை தகராறு. எனக்குத்தான் தோன்றியது.

காட்டு அதிகாரி மலாய்க்காரர், மென்மையான மனிதர். அக்காவை ‘காக்’ என்று கூப்பிடுவார். மலாயில் அதுவும் அக்காதான். எதைக் கேட்டாலும் ‘தெங்கோக் டூலு’ என்பார், முதலில் பார்க்கலாம் என்று. இவரு பாத்துக்கிட்டே இருக்கட்டும், நாம போய்க்கிட்டே இருப்போம் என்று அக்கா வாராவாரம் அந்த அலுவலக வாசலில் போய் நின்றார். நின்றார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அங்கேயும் அரை அடி முன்னால், அரை அடி பின்னால்தான். அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். கேட்டை மாற்றினார்கள். புதருக்கு வேலி போட்டார்கள். பிறகு பாதையின் வேர்களை வெட்டி, கல்தூள் கொட்டி இறுக்கினார்கள். ஓடையை நெருங்கும் கடைசி இறக்கத்தை அக்கா நேரில் இருந்து அளந்து, இருபதுக்கு ஒண்ணாகப் போட வைத்தார். பாதையைக் குறுக்கே வெட்டுகிற மூன்று லோங்காங்குகளின், அதாவது வடிகால்களின், மேல் இரும்புத் தகடு போடுகிற வேலை எனக்கு வந்தது.

இந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் உள்ளே வந்தார். பார்வை இல்லாதவர், அங்கே மசாஜ் கடை வைத்திருந்தார். அக்காவின் தோளை வாராவாரம் பிடித்துவிடுகிறவர், அதனால் அந்தத் தோளின் நிலைமை மருத்துவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் பாதை என்கிறாயே, அந்த எல்லாரில் நான் உண்டா என்று கேட்டு, கைத்தடியோடு கிளம்பிவிட்டார். வந்த அன்றே சண்டை. அவருக்குப் பாதை ஓரத்தில் தடி தட்டுவதற்கு ஒரு விளிம்பு வேண்டும். அக்காவுக்கு விளிம்பே ஆகாது; முன்சக்கரம் மாட்டும் என்றார்.

“உனக்கு வழவழன்னு இருக்கணும்மா. வழவழன்னு இருந்தா நான் பாதையில நிக்கிறேனா காட்டுல நிக்கிறேனான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“காட்டுல நின்னா அட்டை கடிக்கும்ணே. தெரிஞ்சிரும்.”

இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் இடது பக்கம் மட்டும், மூன்று விரல் உயரத்துக்குக் கட்டை பதித்தோம். வலது பக்கம் தண்ணீர் வடியத் திறந்தே கிடந்தது. பாதைக்கு ஒத்த மீசை வைத்தாயிற்று என்றார் அண்ணன். அக்கா அந்தக் கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார்.

அலுவலகம் குறித்த சோதனை நாள் வந்தது. வாசலிலிருந்து ஓடைவரை போய்த் திரும்ப வேண்டும், யாரும் அக்காவைத் தொடக் கூடாது. முடிந்தால் வாசலில் தொங்குகிற, சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதை அல்ல என்கிற பலகையைக் கழற்றிவிடுவார்கள். முடியாவிட்டால் அலுவலகத்தில் தயாராக இன்னொரு திட்டம் இருந்தது: தூக்கிச் செல்லும் நாற்காலி ஒன்று, தொண்டர்கள் நாலு பேர். அக்கா அந்தப் பேச்சை எடுத்தாலே வேகமாக முன்னும் பின்னும் போவார். முந்தின நாள் நல்ல மழை. தோள் எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டதற்கு, இருக்கு என்று மட்டும் சொன்னார்.

கேட்டைத் தாண்டினார். முதல் தகடு, இரண்டாவது தகடு, ஒன்றும் இல்லை. அதிகாரி போனில் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். அக்கா, பின்னால் நான், எனக்குப் பின்னால் தடியைக் கட்டையில் தட்டியபடி அண்ணன். மூன்றாவது தகட்டுக்கு வந்தோம். அங்கிருந்து ஓடை தெரிந்தது, நாற்பது அடி தூரம்தான். மழையில் மண் அமுங்கி, தகட்டின் விளிம்பு இரண்டு விரல் மேலே நின்றது. என் தகடு.

அக்கா ஏற்றிப் பார்த்தார், சக்கரம் இடித்துத் திரும்பி வந்தது. பின்னால் போய் வேகமாக வந்தார். மறுபடி இடித்தது. மூன்றாவது முறை வலது தோள் ஒரு மாதிரி கீழே இறங்கியதை நான் பார்த்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் எழுந்து நின்றது. தண்ணீர் அதோ ஓடுகிறது. என் கை என்னைக் கேட்காமலே போய் நாற்காலியின் முதுகைத் தொட்டு ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது. சக்கரம் ஏறிவிட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தடிச் சத்தம் நின்றது.

ஓடைக் கரையில் பலகை மேடை போட்டிருந்தார்கள். குனிந்தால் தண்ணீர் கைக்கு எட்டும். அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக, “போலே லா, காக்” என்றார். ஆகும், சரிதான் என்று அர்த்தம். அக்கா ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

கையைச் சக்கரத்திலிருந்து எடுக்காமல், மலாயில் நிதானமாகச் சொன்னார்: ஆகாது என்சிக், மூன்றாவது தகட்டில் என்னைத் தள்ளினார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். தான் பார்க்கவில்லையே, சின்ன விஷயம்தானே என்றார். நீங்கள் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்தேனே என்றார் அக்கா. பிறகு என்னைக் காட்டி, எனக்கும் உறைக்கட்டும் என்று தமிழில் கேட்டார்.

“நாளைக்கு ஒரு பொண்ணு இங்க தனியா வருவா. அவ பின்னால இவன் நிப்பானா?”

நாற்காலியைத் திருப்பினார். இரண்டு எட்டு தூரத்தில் தண்ணீர். தொடாமல் கிளம்பிவிட்டார்.

கார் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டேன். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. “நான் தண்ணிக்குப் போகல தம்பி. நீ என்னைக் கொண்டுபோனே” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இடது கையாலேயே கழற்றி உள்ளே போட்டார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பிடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா இரண்டு மாதம் பட்டறைப் பக்கம் வரவில்லை. அண்ணன் ஒருநாள் போன் செய்தார். நான் தள்ளியது அவருக்கு அப்போதே தெரியுமாம். என் செருப்பு இரண்டு எட்டு வேகமாக விழுந்ததாம். “நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்பா. கம்முனு தண்ணியில கால நனைச்சிருப்பேன்” என்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

என் தப்பு தள்ளியதோடு முடியவில்லை. தகட்டிலேயே இருந்தது. நாங்கள் லோரி ஏறுகிற தகடு செய்து பழகியவர்கள். தகட்டை மண்மேல் போட்டுவிட்டுப் போய்விடுவோம், லோரி ஏறினால் தானே அமுங்கி உட்கார்ந்துவிடும். சக்கர நாற்காலியின் எடைக்கு எது அமுங்கும்? இருபத்தைந்து வருட வேலையில் இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று தகடுகளையும் பெயர்த்து, இரண்டு பக்கமும் கான்கிரீட்டில் படுகை கட்டி, தரையோடு தரையாக இறக்கினேன். முடித்துவிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், எங்கே மண் முடிகிறது, எங்கே இரும்பு ஆரம்பிக்கிறது என்று. அண்ணனும் வந்து தடியால் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் ஒப்புக்கொண்டார்.

அலுவலகம் மறுபடி நாள் குறிக்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் அக்காவின் வலது தோள் போய்விட்டது. தலை வார அந்தக் கை எழும்பவில்லை என்று அண்ணன்தான் சொன்னார். இரண்டாவது சோதனைக்கு வேறொருவர் நாற்காலியில் போய்த் திரும்பினார், பலகையைக் கழற்றினார்கள். அக்கா வரவில்லை. லோரி வேலை தலைக்கு மேல கிடக்கு என்று செய்தி அனுப்பினார்.

பிறகு ஒரு நாள் காலை, பட்டறை வாசலில் ஒரு வாடகைக் கார். உள்ளே அக்கா, பக்கத்தில் அண்ணன். கிளம்பு என்றார். கேட் வரை போனோம். காலை அகட்டி நிற்கிற கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தள்ளு தம்பி.”

நான் அசையவில்லை. அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

“நானே கேக்குறேன்ல.”

தள்ளினேன். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் காற்றில் திசை காட்டி, லோரிக்காரனுக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். இடது ஓரம் போகாதே, மெதுவா, ஏன் மூச்சு வாங்குது உனக்கு, இது பன்னெண்டுக்கு ஒண்ணுகூட இல்லையே. நான் தகடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன். ஒன்று. இரண்டு.

கொஞ்ச தூரம் போனதும், “அந்த மூணாவது தகடு எங்க?” என்றார்.

“தாண்டியாச்சுக்கா.”

 பிறகு நிறுத்தச் சொன்னார். திரும்பச் சொன்னார். தகட்டின் மேல் மறுபடி கூட்டிப் போகச் சொல்லி, அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்தோம். மூன்று தடவை. சக்கரம் ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை. மூன்றாவது தடவை தகட்டைத் தாண்டி, பாதை ஓடையைப் பார்த்து இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் இடது கையைத் தூக்கினார்.

“கை எடு.”

எடுத்தேன். நாற்காலி தானாக உருள ஆரம்பித்தது. இருபதுக்கு ஒண்ணு. ஒற்றைக் கையால் பிடித்தால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எனக்குப் பயம், இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டேன். இடது சக்கரத்தை லேசாகப் பிடித்தார். நாற்காலி இடது பக்கம் சாய்ந்து, அண்ணனுக்காகப் பதித்த அந்தக் கட்டையை உரசியது. கட்டை விடவில்லை. அதை உரசிக்கொண்டே, அது காட்டிய வழியில், நேராக இறங்கிப் போனார். சர்ரென்று மரத்தில் ரப்பர் தேய்கிற சத்தம். என்ன சத்தம் என்று அண்ணன் கேட்டார். உங்கள் மீசை என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா பலகை மேடையின் ஓரத்தில் இருந்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது என்னவென்று உடனே புரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் போட்டிருந்தார்.

இடது பக்கமாகச் சாய்ந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும்.  அண்ணன் கட்டைமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாற்காலி அரை அடிகூட அசையவில்லை.

பிறகு கையை வெளியே எடுத்து உதறினார். பிரேக்கை விடுவித்தார். நாற்காலி கொஞ்சம் பின்னால் வந்தது, கொஞ்சம் முன்னால் போனது. ஓடைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு மண் படிக்கட்டு மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

“அது எங்க போகுது?”

மேலே ஒரு கூடாரம் இருக்கிறதாம், அங்கிருந்து பார்த்தால் கிள்ளான் வரைக்கும் தெரியுமாம் என்றேன்.

ஈரக் கையாலேயே பையைத் துழாவி டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“போ. எத்தனை படின்னு எண்ணி, உயரத்தை அளந்துட்டு வா.”